எலும்புப் பதியன்

பவளத்தை எதன் மேல் ஒட்டுவது என்பதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடும் வீடு தூத்துக்குடியில் எங்கள் வீடு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. அந்த வருடம் பாதி ஊரில் அதே சண்டைதான். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கடலைக் காப்பாற்றக் கிளம்பியிருந்தார்கள்.

என் பெயர் அமலதாஸ் கொரேரா. துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்த்துக் கொடுக்கும் ஏஜென்ட். பயந்த சுபாவம். பாதாம்பருப்பு தொண்டையில் சிக்கிவிடும் என்று பொடித்துத் தின்கிற ஆள். என் மனைவி பிலோமி பல் டாக்டர். வீட்டு முன்னறைதான் அவளுடைய கிளினிக். அவளுக்குப் பயமே கிடையாது. நான் பயப்படுவது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லிச் சிரிப்பாள்.

கடல் சூடேறிப் பவளமெல்லாம் வெளுத்துச் செத்த பிறகு, கடற்கரைச் சாலைக் கோடியில் இருந்த ஆய்வு நிலையம் புதிதாக ஒரு பவளத்தை உருவாக்கியது. சூட்டைத் தாங்கும், மடமடவென்று வளரும். ஆனால் கடல் முழுக்க நடுவதற்கு வேண்டிய அளவு நாற்று வளர்க்க அவர்களிடம் இடமில்லை. அதனால் வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். வளர்ந்ததும் வெட்டி, அவர்கள் தரும் களிமண் வில்லைகளில் ஒட்டி, பிடித்த பிறகு திருப்பிக் கொடுக்க வேண்டும். மல்லிகைப் பதியன் போடுவது மாதிரிதான். பதியன் என்றே எல்லாரும் சொன்னோம்.

துண்டு கொடுத்த அன்று ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். செண்பகவல்லி என்ற விஞ்ஞானி பேசினார். அந்தப் பவளத்தை உருவாக்கியதே அவர்தான். வில்லை கிடைக்காவிட்டால் சிப்பியில் ஒட்டலாமா, ஓட்டுத் துண்டில் ஒட்டலாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"ஒட்டக் கூடாது," என்றார் செண்பகவல்லி. "வெட்டின துண்டு முதல்ல எதைத் தொடுதோ அதைப் படிச்சுக்கிடும். அப்புறம் ஆயுசுக்கும் அது மேலதான் வளரும். மத்த எதையும் சீண்டாது. நாங்க போட்ட பூட்டு அதுதான். இல்லேன்னா துறைமுகச் சுவர், வள்ளம், கப்பல் அடி, எல்லாத்தையும் மூடிரும். திரும்ப வெட்டினா, திரும்ப முதல்ல இருந்து படிக்கும். அதனால ஒவ்வொரு வெட்டுக்கும் எங்க வில்லை மட்டுந்தான்."

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். பிலோமி அதற்குள் அதைத் தொட்டியில் இறக்கி, விளக்கைப் போட்டிருந்தாள். ஊதா நிறத்தில் விரல்நுனி அளவுதான் இருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

அது வளர்ந்த வேகத்துக்கு வில்லைகள் வந்து சேரவில்லை. அடுத்த வில்லைச் சரக்கு கன்டெய்னரோடு எங்கள் துறைமுகத்திலேயே ஏதோ சான்றிதழ் தகராறில் மாட்டிக்கொண்டு நின்றது. தொட்டியில் பவளம் விளக்கைத் தொடும் உயரத்துக்கு வந்துவிட்டது. வெட்டாமல் விட்டால் ஒன்றின் நிழலில் ஒன்று சாகும். பிலோமிக்குப் பொறுமை இல்லை. சட்டத்தை மீறுகிறோம் என்று அவள் நினைக்கவும் இல்லை. எனக்குத் தெரியாத மெட்டீரியலா என்றாள். பல் டாக்டர்களுக்கு எதை எதன் மேல் ஒட்டுவது என்பதில் கொஞ்சம் திமிர் உண்டு.

முதலில் சூப்பர் குளூ வைத்துக் கல்லில் ஒட்டிப் பார்த்தாள். நாலைந்து நாளில் பசை தோலாக உரிந்து வந்தது. பிளம்பர்கள் குழாய் ஒழுகலுக்குப் பிசைந்து அடைப்பார்களே, அந்த இரட்டைப் பசையில் வைத்தாள். தண்ணீர் பால் மாதிரி ஆகி இரண்டு இறால் செத்தது. டைல்ஸ் துண்டில் வழுக்கியது. சிமென்ட் தண்ணீரைக் கெடுத்தது. கடைசியில் கிளினிக் அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

செயற்கைப் பல் பதிக்கும்போது தாடை எலும்பு தேய்ந்திருப்பவர்களுக்கு வைத்து அடைக்கும் தூள் அது. மாட்டு எலும்பைச் சுட்டுச் சுத்தம் செய்து தயாரிப்பது. அதோடு பல் சிமென்ட்டைக் கலந்து உருட்டிச் சின்ன வில்லைகளாகத் தட்டினாள்.

இது சரியில்லை என்றேன். அதற்கு அவள் சொன்ன பதிலில் எனக்குக் குற்றம் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

"படிச்சதைத் தவிர மத்ததைச் சீண்டாதுன்னு அந்த அம்மாவே சொல்லிட்டாங்க. கடல்ல எலும்புப் பாறை எங்கயாவது பாத்திருக்கீங்களா? அப்போ இது வில்லையை விட்டு எங்கயும் போகாது. களிமண்ணைவிட இதுதாங்க பத்திரம்."

பதியன் பிடித்தது. பிடித்தது என்றால் சாதாரணமாக இல்லை, தாடையில் கடைவாய்ப்பல் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்துகொண்டது. இடுக்கியால் இழுத்தாலும் வரவில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வில்லை கிடைக்காமல் தவித்த மூன்று வீடுகளுக்குத் தன் பதியன்களைக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தொட்டி முன்னால் காபி குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன்கள் இருந்தன. அவற்றில் பெரியது நேராக நீந்திக்கொண்டிருந்தது. மீன் நேராகத்தானே நீந்தும் என்பீர்கள். இல்லை, நன்றாகப் பாருங்கள், மீன் வளைந்து வளைந்துதான் நீந்தும். இதன் உடம்பு வளையவே இல்லை. கண்ணாடியில் போய் முட்டி, திரும்பத் தெரியாமல், அங்கேயே துடுப்பை அடித்துக்கொண்டு நின்றது. நான் பிலோமியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்க்கும்போது அது வாயைத் திறந்தது. உள்ளே, நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், ஊதா நிறத்தில் பூப்பூவாக இருந்தது.

கடலில் எலும்புப் பாறை இல்லைதான். மீன்களுக்குள் எலும்பு இருக்கிறது என்பதை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. தினமும் மீன் தின்கிற ஊரில் பிறந்தவர்கள்.

பிலோமி வெறும் கையை விட்டு அந்த மீனைப் பிடித்தாள். வெளியே எடுக்கும்போது அதன் வாயிலிருந்த முனை அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் கீறியது. ஒரு சொட்டு ரத்தம். அவள் அதை வாயில் வைக்கப் போனாள். நான் கத்திக் கையைத் தட்டிவிட்டேன்.

அன்றைக்கே மூன்று வீடுகளுக்கும் ஓடிப் பதியன்களை வாங்கி வந்து, ஆசிட்டில் போட்டுக் கரைத்தோம். எங்கள் தொட்டியிலிருந்த பவளத்தையும் அப்படியே கரைத்தோம். அந்த வீடுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

விரல் ஆறிவிட்டது. வலி இல்லை. ஆனால் அவள் சில்வர் டம்ளரை எடுக்கும்போதெல்லாம் டக் என்று ஒரு சத்தம் வந்தது. மோதிரம் படுகிறது என்று நினைத்தேன். அவள் அந்தக் கையில் மோதிரமே போடுவதில்லை.

கிளினிக்கில் பல்லுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த விரலை வைத்துப் படம் எடுத்தாள். திரையில் பார்த்தேன். நுனி எலும்பு இருந்த இடத்தில் எலும்பு இல்லை. எலும்பின் வடிவத்திலேயே, நெருக்கமாகச் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் இருந்தன. பிலோமி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, சொத்தை மாதிரிதான், ஆரம்பத்திலேயே குடைந்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். அங்கே போய் என்னவென்று சொல்வது என்றாள். அவளே நாற்காலியில் உட்கார்ந்து, மரப்பு ஊசி போட்டுக்கொண்டு, வலது கையில் ஏரோட்டரை எடுத்தாள். பல்லைக் குடையும் அந்த மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே சுற்றும். நான் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு அவள் விரலுக்கு மேலே குனிந்து நின்றேன். முகமூடி போட்டிருந்தேன். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று அதைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் குனிந்து வேலை பார்க்கும் ஆள், வழக்கம்போல முகமூடியும் அதற்கு மேல் தடுப்பும் போட்டிருந்தாள்.

அடுத்த வாரம் எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் இரண்டாவது கணுவைத் தாண்டியிருந்தன. அன்றுதான் ஆய்வு நிலையத்துக்குப் போனோம்.

செண்பகவல்லி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளிச்சமே இல்லாமல் உடம்புக்குள் பவளம் எப்படி வளரும் என்று கேட்டேன். ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம், அப்படியெல்லாம் வளராது என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்ற ஆசை.

"கலங்கின தண்ணிலயும் பிழைக்கணும்னு நாங்கதான் அதைச் சர்க்கரை சாப்பிடப் பழக்கினோம்," என்றார். "ரத்தத்துல உப்பு இருக்கு, சர்க்கரை இருக்கு, சூடும் இருக்கு. அதுக்கு இதைவிட நல்ல கடல் கிடையாது."

விரலை எடுத்துவிட வேண்டும், பவளம் போய்ச் சேராத இடமாகப் பார்த்து மேலே தள்ளி வெட்ட வேண்டும் என்றார். அதைத் தொடுகிற மாதிரி வெட்டினால் உதிர்ந்த துகளெல்லாம் புதுப் பதியன் ஆகிவிடும். சதையைத் தொட்டால் சதையைப் படிக்கும். தோளைத் தாண்டிவிட்டால் அப்புறம் வெட்ட இடமில்லை. சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"டாக்டரம்மா, இதுல குடைஞ்ச மாதிரி இருக்கே. எதை வச்சுக் குடைஞ்சீங்க?"

பிலோமி சொன்னாள். செண்பகவல்லி படத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிலோமியும் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

என் நெஞ்சுக்குள் துகள்கள் இருந்தன. ஸ்கேனில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் ரவை சிந்தின மாதிரி தெரிந்தது. முதலில் தொட்டதைப் படித்துக்கொண்டது. இனி அதன் மேல்தான் வளரும். ஆழமாக மூச்சு இழுக்கும்போது விலாவுக்குள்ளே குண்டூசி முனை மாதிரி ஒன்று தொட்டது. அதற்கு முன்னால் நான் கற்பனையிலேயே ஆயிரம் நோய்க்குச் செத்திருக்கிறேன். நிஜமாக வந்தபோது அழக்கூடத் தோன்றவில்லை.

மருந்து செய்யலாம், மூச்சு வழியாக உள்ளே இழுக்கிற மாதிரி, ஆனால் நாள் ஆகும், எலும்புக்குள் அது போய்ச் சேராது என்றார் செண்பகவல்லி. பிறகு என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு பிலோமியிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்த பிலோமி, விரலை இப்போது எடுக்கப் போவதில்லை என்று மட்டும் சொன்னாள்.

நான் அவளைப் பேசாத பேச்சில்லை. வாய்க்குள் காட்டும் சின்னக் கண்ணாடியை இடது கையில் பிடிக்காமல் பல் வைத்தியம் பார்க்க முடியாது, அவளுக்கு அந்தக் கிளினிக்தான் உயிர். அதற்காகத்தான் அடம்பிடிக்கிறாள் என்று நினைத்தேன். தொழில் வெறி பிடித்தவள் என்றேன். பேசாமல் கேட்டுக்கொண்டாள். அவளாவது, பேசாமல் கேட்டுக்கொள்வதாவது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் கிளினிக்கை அவள் மறுநாளே பூட்டினாள். அந்த அறையில் விரலைக் குடைந்த பிறகு வந்து போன ஒவ்வொரு நோயாளிக்கும் அவளே போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். மறைக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூட நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. நல்லவேளை, யாருக்கும் இல்லை. ஆனால் ஊர் எங்களை விட்டு விலகியது. கோயிலில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பாமல் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனி இந்த ஊரில் என் முன்னால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று பிலோமி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாரத்துக்கு இரண்டு முறை அவள் ஆய்வு நிலையத்துக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் விரலில் புதுக் கட்டு இருந்தது. பரிசோதனை என்றாள். விரல் மடங்காமல் ஆயிற்று. பிறகு உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு. அவள் மேசையில் கையை வைத்தால் கல்லை வைத்த மாதிரி சத்தம் கேட்கும். அந்தக் கை பக்கத்தில் இருக்கும்போது எனக்கு மேலெல்லாம் கூசும். அதை அவள் கவனித்துவிட்டு, கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வாள். என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

எனக்கும் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. மருந்து வந்தபோது பவளம் அவள் முழங்கை வரை போயிருந்தது. ஒரு முகக்கவசத்தில் ஊற்றி ஆவியாக இழுக்க வேண்டும். மீன் அழுகின நாற்றம். தொடர்ந்து இழுத்தேன். குத்தல் குறைந்தது, பிறகு நின்றது. ஸ்கேனில் ரவை மறைந்து வந்தது. இன்னும் ஒரு சுற்று முடிந்ததும், அந்த இடம் சுத்தமாகத் தெரிந்தது. அன்று மாலையே பிலோமி, மதுரைக்குப் போகலாம், கையை எடுத்துவிடலாம் என்றாள். இத்தனை நாள் கெஞ்சியும் அசையாதவள் அவளாகவே பையை எடுத்து வைத்ததைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குச் செண்பகவல்லியும் வந்திருந்தார். சர்ஜன் பிலோமியின் தோளுக்கு அருகில் மையால் கோடு போட்டுவிட்டுப் போனார். வராந்தாவில் நான் செண்பகவல்லியிடம் பொருமினேன். அன்றைக்கே எடுத்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும், இவள் பிடிவாதத்தால் முழுக் கையும் போகிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவங்க உங்ககிட்ட சொல்லவே இல்லையா சார்?"

என்னது என்றேன்.

"உங்க நெஞ்சுல இருந்தது தொட்டில வளந்த பவளம் இல்ல. அவங்க ரத்தத்துல வளந்தது. அதோட உசுருள்ள துண்டு இருந்தாதான் அதுக்கு மருந்து செய்ய முடியும். வெளிய எடுத்தா ரெண்டு மணி நேரம் தாங்காது, செத்துரும். செஞ்ச மருந்தும் நாலு நாள்ல கெட்டுரும், சேத்து வைக்க முடியாது. வாரத்துக்கு ரெண்டு தடவை, துகள் சிந்தாம ஊசியால உறிஞ்சி, அவங்க கையில இருந்துதான் எடுத்தோம். விரலை அன்னைக்கே எடுத்திருந்தா, உங்களுக்கு மருந்து கிடையாது."

தொழில் வெறி பிடித்தவள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். கை எடுத்த பிறகு எனக்கு மருந்து வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு வழியில்லை, அதனால்தான் ஸ்கேன் சுத்தமாகும் வரை கையை எடுக்கப் பிலோமி சம்மதிக்கவில்லை என்றார். கோட்டுக்கும் பவளத்துக்கும் நடுவே இப்போது நாலு விரற்கடைதான் இருக்கிறது என்றும் சொன்னார்.

பிலோமியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். பச்சை அங்கி, தலையில் காகிதத் தொப்பி. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாங்களா என்று முணுமுணுத்தாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வலது கையால் என் சட்டையைப் பிடித்துக் குனிய வைத்தாள்.

"நல்லா ஆழமா ஒரு மூச்சு இழுங்க, பாப்போம்," என்றாள். "குத்துதா?"

இழுத்தேன். பாதி வரை ஒன்றுமில்லை. அதற்கும் கீழே, விலாவின் அடியில், குண்டூசி முனை மாதிரி ஒன்று தொட்டது.

"குத்துதான்னு கேக்கேன்."

"இல்ல," என்றேன். "நல்லாருக்கு."

நோயாளிகள் வலிக்கவில்லை என்று சொல்லும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை பார்த்தாள். இன்னொரு தரம் இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். பயந்தவன் முகத்தில் பொய் நிற்காது என்று அவளே சொல்லுவாள். இன்று நின்றது. அவள் என் சட்டையை விட்டாள்.

வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. நான் பெஞ்சில் உட்கார்ந்து, சின்னச் சின்னதாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன்.